விரத நாள் அட்டவணையோட இதையும் ஒருக்கா போடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். பெயர் போட வேண்டாம், வேலை செய்யிற இடத்தில தெரியாது. எனக்கு 14 வருசமா பைப்போலார், இருமுனை மனநோய் எண்டு நீங்கள் எழுதுறது. ஒரு நேரம் மனசு தலைகால் தெரியாம பறக்கும், இன்னொரு நேரம் எழும்பி முகம் கழுவவே ஏலாது. இப்ப மனசை ஒரு நிலையில வைச்சிருக்கிற லித்தியம் குளிசை எடுக்கிறன், வேலைக்குப் போறன், சமைக்கிறன், பின்னேரத்தில மகளுக்கு ஓ.எல். கணக்குச் சொல்லிக் குடுக்கிறன், நல்லாத்தான் இருக்கிறன். ஆனா நான் மோசமா விழுந்த ரெண்டு தரமும் விரத நாளிலதான், அதைத்தான் சொல்ல வந்தனான்.

முதல் தரம் சிவராத்திரி, வருத்தம் எண்டே தெரியாத காலம். கோயில்ல விடிய விடிய முழிச்சு நாலு சாமப் பூசையும் பார்த்திட்டு காலமை வீட்ட வந்து படுத்தா நித்திரை வரேல்ல, களைப்பும் இல்ல, அடுத்த இரவும் அப்பிடித்தான், மூண்டாம் நாள் புறக்கோட்டைக்குப் போய் அம்மாட சீட்டுக்காசு முழுக்கக் குடுத்து 11 சாறி வாங்கிக்கொண்டு வந்தன். அவ்வளவு சந்தோசமா கதைச்சுக்கொண்டு திரிஞ்சதால வீட்டில எல்லாரும் சிவனருள் எண்டுதான் நினைச்சவை. ஒரு இரவு நித்திரை கெட்டாலே எங்களைப் போல ஆக்களுக்கு மனசு மேல ஏறத் தொடங்கலாம் எண்டது பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரியும்.

ரெண்டாவது கந்தசஷ்டி. ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு, உப்பில்லாமல், தண்ணியும் குறைவு. அதுக்குள்ள முழங்கால் நோகுது எண்டு பார்மசியில கேட்க டைக்ளோபெனாக் தந்தவை, வேற என்ன குளிசை எடுக்கிறீங்கள் எண்டு ஒருத்தரும் கேட்கேல்ல, நானும் சொல்லேல்ல. அஞ்சாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க கை நடுங்கி சட்டையெல்லாம் ஊத்திப் போட்டுது, நடந்தா ஒரு பக்கமா சரியுது, சத்தி. மாமி விரதக் களைப்பு எண்டவ. இரத்தத்தில வழமையா 0.7 க்குக் கிட்ட நிக்கிற லித்தியம் அண்டைக்கு 1.6, அது நஞ்சாகிற அளவு. லித்தியமும் ஒரு வகை உப்புத்தான், உடம்பில உப்பும் தண்ணியும் குறைஞ்சா சிறுநீரகம் அதை வெளியால விடாமல் பிடிச்சு வைச்சிடும், டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போல நோக் குளிசையளும் அதையேதான் செய்யும். பரசிட்டமோல் அப்பிடிச் செய்யாது.

குளிர் நாடுகளில இருக்கிற சொந்தக்காரர் பனிக்கால இருட்டில மனசு விழுறதைப் பற்றிச் சொல்லுவினம். கொழும்பில வருசம் முழுக்கப் பார்த்தாலும் பகல் நேரத்தில ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் வராது, ஆனா எனக்கு இஞ்சயும் காலம் இருக்கு. மார்ச், ஏப்ரல் வெக்கையில வேர்த்துக் கொட்டும், அப்ப போத்தலில தண்ணி இல்லாமல் பஸ் ஏறமாட்டன். மே மாசம் மழை தொடங்கினா மரைன் டிரைவ் நடை நிண்டுபோகும், மூண்டு நாள் நடக்காட்டி மனசு கீழ இறங்குறது எனக்கே தெரியும், அதால குடையோட எண்டாலும் சந்தி மட்டும் போய் வருவன். வெசாக் வெளிச்சம் பார்க்க மகளோட போனாலும் பத்து மணிக்கு வீட்ட. ஆடிவேல் தேர் காலி வீதியால வரேக்க பார்த்துக் கும்பிட்டிட்டு திரும்பிடுவன். இதெல்லாம் எனக்குக் குறையாத் தெரியேல்ல, பிரஷர் இருக்கிற ஆள் உப்பைக் குறைக்கிற மாதிரித்தான்.

சிலர் நல்லாத்தானே இருக்கிறாய், இன்னும் ஏன் குளிசை எண்டு கேட்கினம். தயவுசெய்து ஒருத்தரிட்டையும் அப்பிடிக் கேட்காதேங்கோ, குளிசையாலதான் நல்லா இருக்கிறது. அதைப்போல மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற இடமெண்டு அங்கொடை பேரைச் சொல்லிப் பகிடி பண்ணுறதையும் விடுங்கோ, அந்தப் பகிடிக்குப் பயந்தே கிளினிக் கொப்பியை சாறிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

உங்கட பேப்பரில விரத நாள், பாரணை நேரம் எல்லாம் வடிவாப் போடுறீங்கள். அதுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி போடுங்கோ: மனநலக் குளிசை எடுக்கிற ஆக்கள் விரதத்துக்கு முதல் டொக்டரிட்டக் கேளுங்கோ, தாங்களா நிப்பாட்டாதேங்கோ, தண்ணி குடியுங்கோ, நித்திரை முழிக்காதேங்கோ, கஷ்டமா இருந்தா மனநல உதவி இலக்கம் 1926 க்கு எடுங்கோ எண்டு. றமழான் நோன்புக்கும் இது பொருந்தும். கோயில் ஐயாமாரும் இதைச் சொன்னா சனம் கேட்கும்.

இப்ப சிவராத்திரிக்கு முதல் சாமப் பூசை பார்த்திட்டு நான் வீட்ட வந்து படுக்கிறன். அம்மாதான் கோயில்ல இருக்கிறவ, உனக்கும் சேர்த்து நான் முழிக்கிறன், நீ போய்ப் படு பிள்ளை எண்டு அவவே சொல்லி அனுப்புவா. அந்தப் பெட்டியை சிவராத்திரிக்கு ஒரு கிழமை முதலே போட்டீங்கள் எண்டால் டொக்டரிட்டப் போய்வர நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி
கொழும்பு 06