கிடாரோவுக்கு முன்னால் ஒரு பேண்ட் இருந்தது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானிய இசைக்கலைஞர் கிடாரோவின் 'சில்க் ரோடு' இசை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நீ, "அவர் அதுக்கு முன்னாடி ஏதோ ராக் பேண்ட்ல இருந்தாராமே" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஆறவே இல்லை. அந்த பேண்டின் பெயர் ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட். அதை கிடாரோவின் பழைய வேலை மாதிரி நினைக்கிற ஆட்கள் நிறைய இருப்பதால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்று. அது கிடாரோவின் பேண்ட் இல்லை, பாடகர் ஃபூமியோ மியாஷிதாவின் பேண்ட். 1971இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் பேண்ட் ஜப்பானுக்கு வந்து ஹகோனேயில் திறந்தவெளியில் வாசித்துவிட்டுப் போனார்கள். இரண்டே வருடத்தில், 1973இல், மியாஷிதா 'ஃபார் அவுட்' என்ற குழுவோடு ஓர் ஆல்பம் போட்டார். ரெக்கார்டின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டு, அவ்வளவுதான். அந்தக் குழு கலைந்த பிறகு அவர் சேர்த்த ஆட்கள்தான் இவர்கள்: கிட்டாரில் ஃபுகுஷிமா, பேஸில் ஃபுகாகுசா, டிரம்ஸில் தகாசாகி, அப்புறம் கீபோர்டில் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருவர் அகிரா இடோ. இன்னொருவர் மசானோரி தகாஹாஷி, அதாவது உன் கிடாரோ.

அந்த இரண்டு கீபோர்டைக் கொஞ்சம் கவனித்துக் கேள். 1975இல் வந்த 'தி கேவ் டவுன் டு தி எர்த்' ஆல்பத்தில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு நிறைய வரும். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு உண்டு, கட்டையை அழுத்தினால் அதில் பதிந்திருக்கிற வயலினோ கோரஸோ ஒலிக்கும், ஏறக்குறைய எட்டு நொடியில் டேப் தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி அழுத்தியாக வேண்டும். அதனால்தான் அதன் ஒலியில் எப்போதும் ஒரு மூச்சு வாங்கல் இருக்கிறது. இன்றைய மென்பொருளில் எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் பிடித்து வைக்கலாம், ஆனால் அந்த மூச்சு வராது. அதற்கு மேலே சின்தசைசர், அதற்கும் மேலே மியாஷிதாவின் குரல். ஃபிளாய்டின் சாயல் இருக்கிறதா என்றால் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதில் இருக்கிற சடங்குத்தன்மை அங்கே கிடையாது.

அதே வருடம் வந்த 'நிப்போன்ஜின்' பெரும்பாலும் பழைய பாட்டுகளை மறுபடி செய்தது. ஜெர்மன் இசைக்கலைஞர் கிளாஸ் ஷுல்சே மிக்ஸ் செய்தார். எனக்கு அது மூன்றாம்பட்சம்தான்.

உச்சம் 1976இல் வந்த 'பேரலல் வேர்ல்ட்'. இங்கிலாந்தில் தி மேனர் ஸ்டூடியோவில் பதிவு, தயாரிப்பு அதே ஷுல்சே. டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் பேண்டில் டிரம்ஸ் வாசித்துத் தொடங்கியவர் அவர், அப்புறம் சின்தசைசர் பக்கம் போனவர். ஆல்பத்தின் பெயரிலேயே உள்ள பாட்டு மட்டும் ஏறக்குறைய 30 நிமிடம், ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே. தகாசாகியின் டிரம்ஸ் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு விடாமல் ஓட, பேஸ் கூடவே ஓட, கீபோர்டுகள் மேலே மிதந்துகொண்டே இருக்கும். யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஆறு பேரும் ஒன்றாகக் கரைந்துபோன இசை. இதில் கிடாரோவை மட்டும் தேடினால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. 'கொகோரோ' என்ற பாட்டை மட்டும் தனியாக ஒரு ராத்திரி கேள், ஜப்பானிய மொழியில் பாடும்போது மியாஷிதாவின் குரல் எவ்வளவு இயல்பாக இறங்குகிறது என்று தெரியும்.

ஷுல்சேயிடமிருந்து சின்தசைசரின் சூட்சுமங்களைக் கற்றுக்கொண்டு கிடாரோ விலகினார், இந்தியா உட்பட ஆசியாவில் பயணம் செய்தார், 1978இல் முதல் தனி ஆல்பம், 1980இல் ஜப்பானியத் தொலைக்காட்சி என்.எச்.கே.யின் 'சில்க் ரோடு' தொடருக்கு இசை. மீதி உனக்கே தெரியும். இடோவும் தகாசாகியும்கூடப் போய்விட்டார்கள். மீதிப் பேரோடு மியாஷிதா 1977இல் 'டென்குஜின்' போட்டார், அதோடு பேண்ட் முடிந்தது. பிறகு அவர் மனதை ஆற்றும் இசை பக்கம் போய், 2003இல் காலமானார். கிடாரோவுக்குக் கிடைத்த உலகப் புகழில் கால்வாசிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, முதலில் 'பேரலல் வேர்ல்ட்', அடுத்து 'தி கேவ்', அதற்குப் பிறகு ஃபார் அவுட்டின் அந்த ஒரே ஆல்பம். இந்த வரிசையில் கேட்டுவிட்டு எழுது. 'டென்குஜின்' பற்றி உன்னோடு சண்டை போட ஆசை, அதையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்