மோதகம் பிடித்த கை

பலெர்மோ,
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் சுகமாயிருக்கச் சந்நிதி முருகனை வேண்டுகிறேன். வட்சப்பில் கதைத்தால் காசு போகாது என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா பத்து நிமிடத்தில் "சரி, வை பிள்ளை" என்று விடுகிறார். அதனால்தான் கடிதம். ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் அவருக்கு வாசிக்க வேண்டாம். ஏனென்று அங்கே வரும்போது தெரியும்.

வெள்ளிக்கிழமை இங்கே சாந்தா லூச்சியாவின் திருநாள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13இல் வரும். இந்த முறை எங்கள் கார்த்திகை விளக்கீடும் அதே நாளில் விழுந்தது. வேலை முடிந்து வந்து பல்கணியில் நாலு சுட்டி விளக்கு ஏற்றினேன். முன்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு "லூச்சியாவுக்கா?" என்று கேட்டாள். லூச்சியா கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் உரிய புனிதை. படங்களில் ஒரு தட்டில் இரண்டு கண்களை வைத்து ஏந்திக்கொண்டு நிற்பார். ஓம் என்று விட்டேன். முருகன் கோபிக்க மாட்டார்.

1646இல் பலெர்மோவில் கடும் பஞ்சமாம். டிசம்பர் 13 அன்று கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததாம். அரைத்து மாவாக்கப் பொறுமையில்லாத சனம் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றதாம். (சிரக்கூசா ஊரவர்களும் இதே கதையை, இதே வருடத்தோடு, தங்கள் துறைமுகத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள். யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?) அதனால் அன்றைக்கு இந்த ஊரில் பாணும் ஆகாது, பாஸ்தாவும் ஆகாது. அவித்த கோதுமையில் ரிக்கோத்தா என்கிற மெதுவான சீஸும் சீனியும் கலந்து குச்சீயா என்று ஒன்று செய்வார்கள். எங்கள் புக்கைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அரன்ச்சீனா. காலையில் தொடங்கி இரவு வரை ஊர் முழுக்க அரன்ச்சீனாதான்.

அரன்ச்சீனா என்றால் குட்டித் தோடம்பழம் என்று அர்த்தம். குங்குமப்பூப் போட்டு அவித்த சோற்றை உள்ளங்கையில் பரப்பி, நடுவில் இறைச்சியும் பட்டாணியும் தக்காளியில் வற்றக் காய்ச்சிய ரகூவை வைத்து மூடி உருட்டுவார்கள். பிறகு மாக் கரைசலில் தோய்த்து, பாண் தூளில் பிரட்டிப் பொரிப்பார்கள். பாண் ஆகாத நாளில் பாண் தூள் மட்டும் எப்படி ஆகும் என்று, நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சின்யோராவிடம் ஒருமுறை கேட்டேன். "அது பாண் இல்லை, தூள்" என்றார். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

சின்யோராவை உங்களுக்குத் தெரியும், போனில் காட்டியிருக்கிறேன். எண்பத்தாறு வயது. விரல்களெல்லாம் வாதத்தில் கோணிவிட்டன. ஆறு வருடத்துக்கு முன் நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவரே உருட்டுவார். இப்போது நாற்காலியைக் குசினிக்குள் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கை என்னுடையது, வாய் அவருடையது. வியாழன் இரவே சோற்றை அவித்து மாபிள் மேசையில் பரப்பி ஆறவிட்டோம். காலையில் எட்டு மணிக்குத் தொடங்கினேன். அறுபது வேண்டும்.

முதல் பத்து நல்ல உருண்டையாக வந்தது. பிறகு கதையில் கவனம் போய்விட்டது. அங்கே பிள்ளையார் கதை தொடங்கப்போகிறது, யார் வீட்டில் முதல் நாள் மோதகம், இந்த வருடம் யார் படிப்பார்கள் என்று ஏதோ யோசனை. கை தன்பாட்டில் ஓடுகிறது. குழித்து, உள்ளீடு வைத்து, விளிம்பைக் கூட்டி, மேலே ஒரு கிள்ளுக் கிள்ளிக் கூர் வைத்து... "மதோன்னா!" என்று ஒரு கூச்சல். சின்யோரா எழும்பியே விட்டார். தட்டைப் பார்த்தால் எட்டு மோதகம், வரிசையாக, கூர் கூராக நிற்கிறது.

"கத்தானியா!" என்கிறார், என்னமோ நான் கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. "என் வீட்டில் கத்தானியா!"

விஷயம் இதுதான். இதே பண்டத்தை, இந்தச் சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், இருநூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற கத்தானியாவில் கூராகப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற எட்னா எரிமலையின் சாயலாம். பேரும் வேறு. இங்கே அரன்ச்சீனா, பெண்பால். அங்கே அரன்ச்சீனோ, ஆண்பால். இத்தாலி மொழியில் கத்தி ஆண், முள்ளுக்கரண்டி பெண். அப்படிச் சாமான் சட்டிக்கெல்லாம் பால் உண்டு. தமிழில் "அது" என்று சொல்லிவிட்டுத் தின்றிருப்போம். இங்கே ஒரு எழுத்துக்காகக் கடை வாசலில் சண்டை நடக்கும். பலெர்மோக் கடையில் போய் "ஒரு அரன்ச்சீனோ" என்று கேட்டுப் பாருங்கள், காதில் விழாத மாதிரி அடுத்த ஆளைக் கவனிப்பார்கள்.

இதில் இன்னொரு வில்லங்கம், சின்யோராவின் மருமகள் கத்தானியாக்காரி. கலியாணம் முடித்து முப்பது வருடமாகியும் இந்த வீட்டில் வந்தவள்தான். சத்தம் கேட்டு உள்ளே வந்து, தட்டைப் பார்த்து, என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். "கடைசியில் இந்தக் குசினியிலும் ஒருத்திக்குப் பிடிக்கத் தெரிந்திருக்கிறது!" நான் பிள்ளையாருக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தேன் என்று விளக்கப் போனேன். கேட்க யாரும் இல்லை. மாமியும் மருமகளும் தொடங்கிவிட்டார்கள்.

அறுபதையும் பொரிக்கும் நேரம் வந்தபோது சின்யோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கூர் வைத்த எட்டும் அந்த எண்ணெயில் போகக் கூடாதென்று. தனிச் சட்டி, தனி எண்ணெய். எனக்கு அம்மாவின் மச்சச் சட்டியும் மரக்கறிச் சட்டியும் நினைவுக்கு வந்தது. மாறி வைத்ததற்கு அன்று நீங்கள் வாங்கிய பேச்சு நினைவிருக்கிறதா?

எனக்கு வெள்ளி, மச்சம் இல்லை. அது சின்யோராவுக்குத் தெரியும். கீரை வைத்து நாலு எனக்கென்று தனியாகப் பிடிக்கச் சொன்னார். "இறைச்சியும் வெண்ணெயும் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்பீர்களே, கீரை எப்படி?" என்று மருமகள் விடவில்லை. வெண்ணெய் என்பது பன்றித் தொடையும் சீஸும் வைக்கிறது. கடைகளில் இப்போது பிஸ்தா, சொக்கிலேற் என்று என்னவெல்லாமோ வைத்து விற்கிறார்கள். அதையெல்லாம் சின்யோரா உணவு என்றே கணக்கெடுப்பதில்லை. ஆனால் அன்று அசையாமல் சொன்னார்: "கீரை எப்போதும் இருந்தது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொரித்த புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்னேரம் என் மகள் வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், பலெர்மோப் பேச்சு அவளுக்குத் தாய்ப்பால். அவளைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவள் போனை எடுத்துத் தேடினாள். புளோரன்ஸில் மொழிக்கென்று 1583இல் தொடங்கிய அக்கடேமியா தெல்லா குருஸ்கா என்று ஒரு கழகம் இருக்கிறது. அவர்களிடமே இந்த வழக்குப் போயிருக்கிறது, அக்கா! 2016இல் பதில் சொல்லியிருக்கிறார்கள். பொது இத்தாலி மொழியில் தோடம்பழம் பெண், தோடை மரம் ஆண். ஆகவே பழத்தின் பேரால் வந்த பண்டம் பெண்ணாக இருப்பதே பொது வழக்குக்குக் கிட்ட. ஆனால் சிசிலிப் பேச்சில் பழமே ஆண். ஆகவே அரன்ச்சீனோவும் பிழையில்லை. இரண்டும் சரி. சின்யோரா முதல் பாதியோடு கையைத் தட்டிவிட்டார். மருமகள் இரண்டாம் பாதிக்குத் தட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் இன்னும் கிண்டினாள். 1857இல் பியூந்தி என்பவர் போட்ட சிசிலி அகராதியில் இந்தச் சொல் வருகிறதாம். எழுத்தில் கிடைக்கிற பழைய சாட்சிகளில் ஒன்று. அதில் "அரன்ச்சீனு", ஆண்பால். அகராதி அச்சானது பலெர்மோவிலேயே. அதைவிடப் பெரிய இடி, அங்கே அதை இனிப்புப் பண்டம் என்று எழுதியிருக்கிறார். தோடம்பழ வடிவில் பிடித்த இனிப்புச் சோறு. இறைச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் குசினியில் சத்தமில்லை. பிறகு சின்யோரா, "அவனுக்குச் சமைத்துப் போட ஆளில்லை, பாவம்" என்றார்.

இவரை நீங்கள் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒழுங்கெல்லாம் அவருக்கு வேண்டிய இடத்தில் வளையும். வந்த புதிதில் ஸ்பகெத்தியை இரண்டாக முறித்து நீரில் போட்டேன் என்று அரை நாள் கதைக்காமல் இருந்தார். கோடையில் சுரைக்கொடியின் குருத்திலைகளை, தெனெரூமி என்பார்கள், சந்தையில் வாங்கிச் சூப் வைத்தபோது தானே ஸ்பகெத்தியைத் துணியில் சுற்றி நறுக் நறுக்கென்று முறிக்கிறார். "இதற்கு முறிக்க வேண்டும்." கப்போனாத்தா என்று கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் போட்டுச் செய்வார்கள், சிங்களவர்களின் மோஜு மாதிரியே இருக்கும். அதில் கத்தானியாவில் பெரிய கறிமிளகாய் போடுவார்களாம். மருமகள் ஒரு நாள் போட்டுக் கொண்டுவந்தாள். சின்யோரா ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாயிருக்கு. கப்போனாத்தா செய்யும்போது எனக்கும் கொஞ்சம் தா."

சரி, இனி உங்களிடம் எழுத வந்த விஷயம். தைப்பொங்கல் முடிந்த ஞாயிறு இங்கே எங்கள் ஊர் ஆட்கள் கூடிக் கூழ் காய்ச்சப் போகிறோம். பதினைந்து இருபது குடும்பம். பொறுப்பு என் தலையில். போன கிழமை அதற்குக் கூடினோம், கூட்டம் இரவு பதினொரு மணிக்குத்தான் கலைந்தது. தீவுப்பக்கத்து அண்ணை ஒருவர் மட்டி போட வேண்டும் என்கிறார். இங்கே மட்டி மலிவு, கறுத்த ஓட்டோடு குவியல் குவியலாகக் கிடைக்கும். கூழுக்குள் மட்டியா என்று கேட்டேன். "எங்கட ஊரில் போடுறது" என்றார். உங்கட ஊரில் போடுங்கோ, நான் காய்ச்சுகிற சட்டிக்குள் மீன், நண்டு, இறால், அதற்கு மேல் ஒன்றும் இறங்காது என்றேன். ஒரு தங்கச்சி பழப்புளிக்குப் பதிலாக எலுமிச்சம்புளி விடலாம் என்றாள், அவளை நான் பார்த்த பார்வையில் பிறகு வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னார், "உனக்குச் சின்யோராவின் முகம் வந்திட்டுது" என்று. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

இதில் நீங்கள் வேறு. போன முறை எழுதி அனுப்பிய குறிப்பில் "ஒரு பிடி அரிசி" என்று இருக்கிறது. அம்மா கூழுக்கு அரிசி போட்டதை நான் கண்டதே இல்லை. நீங்கள் அத்தான் வீட்டு முறையை எழுதிவிட்டீர்களோ? தயவுசெய்து அம்மாவிடம் கேளுங்கள். "அரிசி போடுறதுதானே அம்மா" என்று எடுத்துக் கொடுக்காமல், சும்மா, கூழுக்கு என்னென்ன போடுவீர்கள் என்று கேளுங்கள். ஒடியல் மாவை எத்தனை தண்ணீர் மாற்றிக் கசப்பு எடுக்கிறது என்பதையும் கேளுங்கள். கண்ணளவு, கையளவு என்றுதான் சொல்லுவார். அந்தக் கை எவ்வளவு பிடிக்கும் என்று நீங்கள் ஒரு சுண்டில் அளந்து எழுதுங்கள்.

இனி வருவதை வாசிக்க வேண்டாம், உங்களுக்கு மட்டும்.

ஜனவரி முதல் கிழமை சித்தப்பாவின் மகன் வருகிறான். அவனிடம் ஒடியல் மா இரண்டு கிலோ, செத்தல் மிளகாய் அரைக் கிலோ, பழப்புளி ஒரு கட்டி கொடுத்துவிடுங்கள். மாவை இரண்டு பையில் கட்டி, மேலே என்ன மா என்று இங்கிலிசில் எழுதுங்கள். முருங்கையிலை இங்கே தமிழ்க் கடையில் கிடைக்கிறது. கூழ் குடிக்கப் பிளா கோல இலை கிடையாது, கடதாசிக் கோப்பைதான்.

பலாக்கொட்டை அனுப்ப வேண்டாம். இந்தக் குளிருக்குத் தெருவெல்லாம் கஸ்தான்யா என்று ஒரு கொட்டை சுட்டு விற்கிறார்கள். பச்சையாக வாங்கி அவித்து உரித்தால் அச்சொட்டாகப் பலாக்கொட்டைதான், அதே மாப்பிடி. நாலு வருடமாக அதைத்தான் போடுகிறேன். இங்கே ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, தீவுப்பக்கத்து அண்ணை உட்பட. போன வருடம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "பலாக்கொட்டை நல்ல பதம் தங்கச்சி" என்றார்.

அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி