தொழிற்கல்வி ஆசிரியர்கள் கவனத்துக்கு: கோடை விடுமுறையில் பட்டறைப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் பம்ப் மோட்டார் செய்யும் சில சிறு தொழிற்சாலைக்காரர்களிடம் பேசினேன். மே மாதத்தில் நம் ஆசிரியர்கள் பத்து நாள் அங்கே போய் வேலை பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். முறையான அனுமதி வாங்கிவிட்டால் போதும்.

மோட்டார் வைண்டிங்கைப் பாடமாக நடத்தும் நம்மில் பலருக்குக் கையில் கம்பி பிடித்துச் சுற்றிய பழக்கம் விட்டுப்போய் வருடங்களாகிவிட்டன. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிக் கடையும் சிஎன்சி மெஷினைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? ஆசிரியர் ஒருமுறையாவது அதன் முன்னால் நின்றிருக்க வேண்டும். பிள்ளைகளைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போவது அதற்கு அப்புறம்தான் பலன் தரும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. ப்ளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. 1986 திருத்தத்தில் சேர்த்தார்கள். உதவித்தொகையுடன் ஒரு வருடப் பயிற்சி, முடிவில் சான்றிதழ். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தயவுசெய்து வகுப்பில் சொல்லுங்கள், குறிப்பாக மாணவிகளிடம்.

சரி, பயிற்சிக்கு வர விரும்புகிறவர்கள் பெயர், பள்ளி, நடத்தும் பாடம் மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். வேளாண் அறிவியல், ஜவுளிப் பிரிவு ஆசிரியர்களும் எழுதுங்கள், உங்களுக்கும் இடம் கேட்டுப் பார்க்கிறேன்.