வாசலில் வந்து கேட்காமல் பெயரை எடுக்க வேண்டாம்

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம்.

வாக்குரிமையைக் காப்பேன் என்று மேடைதோறும் சொல்லி வருகிறீர்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் புதிதாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் (SIR) வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வந்ததும், தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயர்களுக்கு மேல் அதில் இல்லாததும் நீங்கள் அறிந்ததே. நான் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்கிறேன்.

அடுத்த வீட்டு அக்கா பீடி சுற்றுகிறவர். பாப்பாக்குடிப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். கணக்கெடுக்கும் வாக்குச்சாவடி அலுவலர் வந்தபோது, சுற்றிய பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். அப்புறம் கைக்கு வந்த கணக்கெடுப்புப் படிவம், இதற்கு முந்தைய தீவிரத் திருத்தத்தில் எடுத்த பழைய வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் கேட்டது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் பிறந்த ஊரில், அப்பா பெயரோடு இருக்கிறது. இப்போதைய வாக்காளர் அட்டையில் இருப்பது கணவர் பெயர். தேடி எடுத்துத் தர ஆளில்லை, படிவமும் போய்ச் சேரவில்லை. கடைசியில் 'இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிவிட்டார்கள். "நான் இங்கனதான இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்கிறார். இத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டவர் இனி படிவம் 6 எழுதிப் புதிதாகச் சேர வேண்டுமாம். தாலுகா ஆபீசுக்குப் போனால் அன்றைக்குப் பீடி இல்லை, கூலியும் இல்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 22ஆம் பிரிவு. வரைவில் சேர்க்காமல் விட்டால் அது நீக்கம் இல்லையா? முதல் பொதுத்தேர்தலில், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களுக்குப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். இன்று எங்கள் பெண்கள் தங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்கிறார்கள். அப்பா பெயருக்கும் கணவர் பெயருக்கும் நடுவில் அது தொலைந்துபோகிறது.

ஓட்டுக் கேட்க எல்லாக் கட்சியும் எங்கள் முடுக்கு வரைக்கும் வருகிறது. பெயரை எடுக்குமுன் அதே வாசலுக்கு இன்னொரு தடவை வந்து கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. கோபம்தான் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு தேர்தல் அலுவலர்களிடம் என்பது தெரியும். ஆனால் நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வாசலில் வந்து கேட்காமல் ஒரு பெயரையும் எடுக்கக் கூடாதென்று எழுத்தில் வலியுறுத்துங்கள். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க எங்கள் தெருவிலேயே, மாலை ஆறு மணிக்கு மேல், சீக்கிரமே ஒரு முகாம் போட ஏற்பாடு செய்யுங்கள். பழைய பட்டியலோடு உங்கள் கட்சியின் வாக்குச்சாவடி (பாக) முகவரும் வந்து உட்காரட்டும். எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால், வீடு வீடாகப் போய்ச் சொல்லி எல்லோரையும் அழைத்து வருகிறேன்.