பெடல் காரைச் செஞ்சவங்களையும் பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய விளையாட்டுச் சாமான்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், படங்கள் எல்லாம் ரொம்ப அருமை. ஆனா பிரிட்டன்ல ஒரு மியூசியத்துல இருக்குற ஆஸ்டின் ஜே40 பெடல் கார் (பிள்ளைங்க காலால மிதிச்சு ஓட்டுற குட்டிக் கார்) போட்டோவைப் போட்டுட்டு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஓட்டுனதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அந்தக் காரைச் செஞ்சது யாரு தெரியுமா சார், நிலக்கரிச் சுரங்கத்துல காலம் பூரா வேலை பார்த்து நுரையீரல்ல தூசி படிஞ்சு, இனிமே கீழ இறங்கவே கூடாதுன்னு ஆகிப்போன தொழிலாளிங்க. நியூமோகோனியோசிஸ்னு அந்த வியாதிக்குப் பேரு, வந்துட்டா போகாது, நாலு படி ஏறுனாலே மூச்சு வாங்கும். தெற்கு வேல்ஸ்ல பார்கோட்னு ஒரு சின்ன ஊரு, சுத்துவட்டாரம் முழுக்க சுரங்கத்தை நம்பியே பிழைச்ச ஜனங்க, உடம்பு போனவங்களுக்கு வேற என்ன வேலை கிடைக்கும்? அவங்களுக்காகவே 1949ல அரசாங்க உதவியோட ஆஸ்டின் கார் கம்பெனி அங்க ஒரு பேக்டரி திறந்துச்சு, லாபத்துக்காக ஆரம்பிச்சது இல்ல. இங்கிலாந்துல லாங்பிரிட்ஜ்ல இருந்த ஆஸ்டினோட பெரிய ஆலையில நிஜக் காருக்கு வெட்டுனது போக மிஞ்சுன இரும்புத் தகடுதான் இங்க வந்து குட்டிக் காரா மாறுச்சு, இரும்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்த நேரம் அது.

வேலைப்பாட்டையும் சொல்லணும். அந்தக் காலத்து ஆஸ்டின் ஏ40 காரோட அதே முகஜாடை, அஞ்சடிக்கு மேல நீளம், ஹெட்லைட் எரியும், ஹார்ன் அடிக்கும், டிக்கி திறக்கும், காத்தடிச்ச டன்லப் டயர், பானெட்டைத் தூக்கிப் பார்த்தா உள்ள ஒரு டம்மி என்ஜின், அதுல ஸ்பார்க் பிளக் வரைக்கும் இருக்கும். மிதிச்சு ஓட்டுற காருக்கு என்ஜினே தேவையில்ல, ஆனா எந்தப் புள்ளையும் பானெட்டைத் திறந்து பார்க்காம விடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

1971 வரைக்கும் 32,000க்கு மேல செஞ்சிருக்காங்க. விலை அதிகம்தான், நீங்க சொன்னது சரி, ஆனா திருவிழா ராட்டினங்கள்லயும் இந்தக் காரை மாட்டி ஓட்டுனாங்க, அதனால சொந்தமா வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைங்களும் இதுல உக்காந்து ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கும்.

இன்னிக்கு நல்லா புதுப்பிச்ச ஒரு ஜே40க்கு நம்ம காசுல லட்சக்கணக்குல குடுத்து வாங்குறாங்க. மாடல், வருஷம், பெயிண்ட் கலர் எல்லாத்தையும் பேசுறாங்க. காரைப் பத்தி யார் எழுதுனாலும், அது மியூசியத்துல வைக்கிற போர்டா இருந்தாலும் சரி, உங்க பத்திரிகையா இருந்தாலும் சரி, அந்தச் சுரங்கத் தொழிலாளிங்களைப் பத்தி ரெண்டு வரியாவது கண்டிப்பா இருக்கணும். முடிஞ்சா அடுத்த இதழ்ல பார்கோட் பேக்டரிக்குன்னே ஒரு பக்கம் ஒதுக்குங்க, பழைய போட்டோ கிடைச்சா சேர்த்துப் போடுங்க சார்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகர்