பட்டா மாத்தறதுல இருந்து பாண்டு தூக்கற வரைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சோமனூர் பக்கத்துல இருந்து எழுதறேன். எங்க வீதியில ஒரு அம்மணி, ஊட்டுக்காரர் தறி ஓட்டிட்டிருந்தவரு நாலு வருசம் முன்ன மாரடைப்புல போயிட்டாரு, ரெண்டு பொண்ணுங்க, வயசான மாமியா, அத்தன பேரும் ஒரே சிமெண்ட் அட்டை வீட்டுல தானுங்க இருந்தாங்க. சித்திரையில உள்ள உக்கார முடியாது, மழை வந்தா ஒழுகற எடத்துல குண்டாவ வெச்சுட்டு பொண்ணுங்க ரெண்டும் கட்டில் மேல புஸ்தகத்த மடியில வெச்சு பொத்திக்கிட்டு உக்காந்திருக்கும். இப்ப அந்த எடத்துல கான்கிரீட் வீடு நிக்குதுங்க.

கட்டினது ஒரு மேசானிக் லாட்ஜ்காரங்க. லாட்ஜ்னா ரூம் போடற லாட்ஜ் இல்லீங்க, ஃப்ரீமேசன்னு சொல்ற சங்கம், ஒருத்தர ஒருத்தர் பிரதர்னு கூப்பிட்டுக்குவாங்க, கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல குழந்தைங்களுக்கு மேசானிக் ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருக்குதே, அத வெச்சு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. கதவ சாத்திட்டு ரகசியமா என்னமோ பண்றாங்கன்னு ஊர்ல பேச்சு, நானும் அத நம்பிட்டு தான் இருந்தேன்.

பணம் குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு போறவங்கள நெறைய பாத்திருக்கோம். இவங்க முதல்ல கேட்டது பட்டா யார் பேர்ல இருக்குதுன்னு தானுங்க. அங்க தான் விஷயமே. கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல வீடு கட்ட அரசாங்கத்துல 3.5 லட்சம் தர்றாங்க, ஆனா பட்டா வேணும், இந்தம்மாவுக்கு பட்டா இன்னும் மாமனார் பேர்லயே கெடந்துச்சு, அவரு போயி ரொம்ப வருசமாச்சு. ஒரு நாள் தறிக்கு போகலீனா அன்னிக்கு கூலி இல்ல, அப்பறம் எப்படீங்க ஆபீஸ் ஆபீஸா அலைவாங்க? லாட்ஜ்ல ஒரு ரிட்டயர்டு வக்கீல், அவரே வந்து வாரிசு சான்று, இறப்பு சான்று எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்து, கொழுந்தனாருங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசி, எங்களுக்கு பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் பதிய வெச்சு, பட்டா பேர் மாற எட்டு மாசமாச்சு. எட்டு மாசமும் அந்த மனுசன் சலிக்கலீங்க.

அப்பறம் கணக்கு போட்டு பாருங்க, 360 சதுரடி வீட்டுக்கு 3.5 லட்சம்னா சதுரடிக்கு ஆயிரம் ரூபா கூட வரல, இன்னிக்கு சிமெண்ட் கம்பி விக்கற விலைக்கு அதுல எப்படி முடிப்பாங்க, பாதியில நிக்கற வீடு எத்தன. அந்த பள்ளத்த தான் இவங்க கூலி வாங்காம நிரப்பினாங்க. மேஸ்திரிக்கும் கம்பி கட்டறவருக்கும் மட்டும் சம்பளம், சித்தாள் வேலை பூராவும் இவங்க.

மேல்கூரைக்கு கான்கிரீட் போட்ட அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு மணிக்கே பதினெட்டு பேர் வந்து வரிசையா நின்னு கலவை பாண்ட கை மாத்தி கை மாத்தி மேல ஏத்தினாங்க. ஒரு பேங்க் மேனேஜர், உள்ளங்கை ரெண்டும் கொப்புளம், வேட்டிய கிழிச்சு சுத்திக்கிட்டு மறுபடி நின்னாரு. அவரு மோதிரத்துல மூலைமட்டமும் காம்பஸும் இருக்கறத பாத்துட்டு எங்க மேஸ்திரி, ஏனுங்க இது நம்ம மட்டமுங்களேன்னு கைய புடிச்சுக்கிட்டாரு. கல் வேலைக்காரங்க சங்கத்துல இருந்து வந்த அடையாளமாம். அதுக்கப்பறம் மேஸ்திரி அவர சார்னு கூப்பிடல, அண்ணான்னு தான்.

மறுநாள்ல இருந்து சாக்கு போட்டு தண்ணி ஊத்தறத மூத்த பொண்ணு பாத்துக்கிச்சு. பொடக்காலின்னு சொல்ற குளிக்கற எடமும் கக்கூஸும் கூட தனியா கட்டிட்டாங்க. வாசல்ல லாட்ஜ் பேர் போட்டு கல் வெக்கலாமான்னு அந்தம்மா கேட்டதுக்கு வேண்டாமுங்கன்னுட்டாங்க, இறந்தவரு பேர எழுதிக்கங்கன்னுட்டாங்க.

எங்க அப்பாரு காலத்துல கரும்புத்தோகைல கூரை மேயறப்ப சொல்லாமயே ஊரே வந்து நிக்கும், சோறு மட்டும் போட்டா போதும். அந்த பழக்கம் எங்க போச்சுன்னு அன்னிக்கு முழுக்க எனக்கு நெஞ்சு அடைச்சுச்சுங்க.

நம்ம பக்கம் லயன்ஸ், ரோட்டரி, ரசிகர் மன்றம், கோயில் கமிட்டின்னு எத்தனையோ இருக்குது. நோட்டுப் புஸ்தகம் குடுங்க, வேண்டாங்கல, கூடவே வருசத்துக்கு ஒரே ஒரு குடும்பத்த எடுத்துக்கங்க, முதல்ல பட்டாவ பாருங்க. எங்க வீதியிலயே இன்னொரு அட்டை வீடு இருக்குதுங்க, வாரிசு சான்றுக்கு போன வாரம் நானே எழுதிக் குடுத்துட்டேன். வயரிங், பிளம்பிங் தெரிஞ்சவங்க ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்கி வெச்சிருங்க.

இப்படிக்கு,
சோமனூர் வாசகர் ஒருவர்