அடுத்த ஏலத்துக்குக் கிளம்பும் மேயர்களுக்கு

அமெரிக்க மேயர்களுக்கும் மாநில ஆளுநர்களுக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில், எடிசனில் குடியிருப்பவன். எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் சொத்துவரிச் சீட்டு ஒன்று எப்போதும் தொங்கும். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு தவணை. அமேசானுக்கு 700 கோடி டாலர் வரை சலுகை தர எங்கள் மாநிலமும் நியூவர்க் நகரமும் முன்வந்த செய்தி வந்தபோது, முதலில் கண் போனது அந்தச் சீட்டின் பக்கம்தான்.

2017 செப்டம்பரில் அமேசான், ‘இரண்டாவது தலைமையகம், 50,000 வேலை’ என்றது. ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று 238 விண்ணப்பங்கள் குவிந்தன. அரிசோனாவின் டூசானிலிருந்து 21 அடி உயரக் கள்ளிச்செடி போனது. அமேசான் அதை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. கான்சஸ் சிட்டி மேயர் அமேசானில் ஆயிரம் பொருள் வாங்கி அத்தனைக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டார். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட், 345 ஏக்கரைப் பிரித்து ‘அமேசான்’ என்றே ஊர்ப்பெயர் வைக்கத் தயாரானது. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொஜ்ஜி, பஜ்ஜி வைப்பது சரி. தட்டில் பீரோ சாவியையுமா வைப்பார்கள்?

சாவியை வைத்தும் நடக்கவில்லை. 850 கோடி என்ற மேரிலாந்துக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. 2018 நவம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும் தேர்வாயின. இடத்துக்கு 25,000 வேலை. அதற்கு நியூயார்க் தருவதாகச் சொன்னது சுமார் 300 கோடி டாலர். வர்ஜீனியா மாநிலம் நேரடி மானியத்தை வேலைக்கு 22,000 டாலர் வீதம் 55 கோடியோடு நிறுத்திக்கொண்டது, அதுவும் ஆள் எடுத்த பிறகுதான். நியூயார்க்கில் எதிர்ப்பு கிளம்பியதும் 2019 பிப்ரவரி 14 அன்று அமேசான் கைகழுவியது (காதலர் தினம் பார்த்தா செய்தார்கள்!). ஆர்லிங்டனில் 2023-இல் முதல் கட்டம் திறந்தது. இரண்டாம் கட்டத்தை அதே ஆண்டு தள்ளிவைத்தார்கள். திறமையான ஆட்கள் கிடைக்கும் இடம் பார்த்தோம் என்றுதான் நிறுவனமே சொன்னது. அப்புறம் எதற்கு இந்தக் கோடிகள்?

கான்சஸும் மிசூரியும் பல ஆண்டுகளாக, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனியை இந்தப் பக்கம் இழுக்கவே வரிப்பணத்தைக் கொட்டின. கான்சஸ் சிட்டி வட்டாரத்தில் அதை நிறுத்திக்கொள்ள 2019-இல் இரண்டும் ஒப்புக்கொண்டன. நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் ஆளுநர்களே, அப்படி ஒரு கையெழுத்து உங்களால் போட முடியாதா?

அதுவரை ஒன்று செய்யுங்கள். கம்பெனிக்கு என்ன தருவதாக எழுதினோம் என்பதையே பல ஊர்கள் அப்போது மக்களிடம் மறைத்தன. அடுத்த முறை தொகையை எங்களிடம் சொல்லிவிட்டு உறையை ஒட்டுங்கள். நவம்பர் தவணைக்கு முன்னால் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
எடிசன்வாசி ஒருவன்